கம்ப்யூட்டருக்குக் கணக்கு எதற்கு?

அருமனை,
9.2.2025, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஜெனிலாவுக்கு,

உன் மாமன் நேசையன் ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுவது. நானும் மாமியும் உன் அம்மையும் சுகமாயிருக்கிறோம். என் வலது கால் முட்டில் மட்டும் கொஞ்சம் வலி. மார்த்தாண்டத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு முட்டு கண்டதே இல்லை என்று அசந்துபோனார். கோயம்புத்தூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஹாஸ்டல் சோறு தொண்டையில் இறங்குகிறதா?

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஃபோனில் சொல்லாதே, கடிதமாய் எழுது என்று நான் ஏன் உன்னைக் கட்டாயப்படுத்துகிறேன் தெரியுமா? ஃபோனில் பேசினால் எனக்கு மட்டும்தான் கேட்கும். கடிதத்தை நாலு பேருக்குக் காட்டலாம். பகவதியப்பன் டீக்கடையில் வைத்து உடனே உரக்க வாசித்தேன். அறுபது எழுபது பேர் கேட்டார்கள். மாமி இப்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அந்தக் கடையில் பத்துப் பேர் சேர்ந்து நிற்க முடியாதே என்கிறாள். ரோட்டில் நின்றவர்களை அவள் எண்ணவில்லை.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எண்பத்துநாலு என்றதும் பகவதியப்பன் ஆற்றிய டீயை ஆற்றியபடியே நின்றுவிட்டார். ஜாவா எழுபத்தொன்பது என்றதும் ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி தந்தார். எல்லாம் நன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆட்டோக்கார ஷிபு ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கிக்கொண்டே வந்திருக்கிறான்.

"அண்ணே, ஆறு பரீட்சைண்ணுல்லா மின்னே சொன்னீரு. அஞ்சுதான் வாசிச்சீரு. ஒண்ணு கொறையுதே?"

பார்த்தால் உள்ளதுதான். நீ ஐந்துதான் எழுதியிருக்கிறாய். ஆள் கூடின இடத்தில் மாமன் முழித்துக்கொண்டு நிற்க முடியுமா? "அதுல நூத்துக்கு நூறாக்கும்லே. பெருமை அடிச்சதுபோல ஆகுமுண்ணு பிள்ளை எழுதாம விட்டிருக்கா" என்றேன். அது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயம்.

ஷிபுவின் மகள் பெபிஷா இப்போது பத்தாம் வகுப்பு. உன் கடிதங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆசை பிடித்துவிட்டது. ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்க வேண்டும் என்று ஷிபு என்னிடம்தான் கேட்கிறான். கல்லூரிப் படிப்பு விஷயம் என்றால் இப்போது அருமனையில் வாத்தியார்களை யாரும் தேடிப் போவதில்லை. மாமனிடம்தான் வருகிறார்கள்.

அடுத்த வருஷம் நீ என்னென்ன பாடம் எடுக்கப்போகிறாய் என்று விளக்கமாய் எழுது. மாமி நேந்திரங்காய் உப்பேரி வறுத்துப் பார்சல் அனுப்புகிறாள்.

உன்னால் நெஞ்சு நிமிர்ந்து நடக்கும்,
மாமன் நேசையன்


கோயம்புத்தூர்,
23.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெனிலாவின் ஸ்தோத்திரம். நான் நலம். முட்டுக்கு எண்ணெய் போடுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள். உப்பேரி வந்த அன்றே தீர்ந்தது. என் அறைத் தோழிகள் மாமியை விசாரித்தார்கள்.

அடுத்த வருஷப் பாடம் கேட்டிருந்தீர்கள். ஐந்தாம் செமஸ்டரில் நாமே விரும்பி ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மெஷின் லேர்னிங் எடுக்க ஆசை. நாற்பது இடம்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஆனால் நினைத்தவர்கள் எல்லாம் பதிய முடியாது. அந்தப் பாடத்துக்கு முன்னால் சில பாடங்களில் தேறியிருக்க வேண்டும். அவற்றை முன்தகுதிப் பாடங்கள் என்கிறார்கள். அதில் ஒன்று குறைந்தாலும் 'தகுதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்துவிடும்.

அந்த நூறு வேண்டாமே மாமா. இனி யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

பாடம் நிறைய இருக்கிறது. அம்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெனிலா


அருமனை,
16.3.2025

தாழ்மையே அலங்காரமாய் உள்ள மருமகளுக்கு,

சுகம். முட்டும் சுகம். உனக்கு வெயிலில் தலைவலி வருவதாய் அம்மை சொன்னாள். தொப்பி வாங்கி வைத்துக்கொள்.

'தெரியாது' என்று சொல்லச் சொல்கிறாய். ஐம்பத்தாறு வயது வரை அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. இனிமேலா வரப்போகிறது?

முன்தகுதிப் பாடத்தைக் கடையில் நான் விளக்கிய விளக்கத்தை உன் பேராசிரியர்கள் கேட்டிருக்க வேண்டும். "ரப்பர் மரம் நட்ட உடனே கத்தி வைப்பியாலே? மாட்டே. ஆறேழு வருஷம் நிக்கணும். டேப்பு சுத்திப் பாத்து மரத்துக்க சுத்தளவு அம்பது சென்டிமீட்டர் இருந்தாத்தான் பால்வெட்டு. அதுக்கு மின்னே வெட்டினா பாலும் வராது, மரமும் பட்டுப்போவும். அந்த டேப்புதான் முன்தகுதி" என்றேன். பகவதியப்பன் தம் மகன் மூன்று வருஷமாய்ப் படித்தும் சொல்லாததை நான் மூன்று நிமிஷத்தில் சொன்னதாகச் சொன்னார். நாற்பது இடத்தில் முதல் இடம் உனக்கென்று உன் துறைத் தலைவரே ஒதுக்கி வைத்திருப்பதாகவும் ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. யார் கிளப்பியது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஷிபு கேட்டான். "அண்ணே, கம்ப்யூட்டர் படிக்கக் கணக்கு வேணுமா? பிள்ளைக்குக் கணக்குண்ணு கேட்டாலே காய்ச்சலு வருது."

நான் ஆராயாமல் எதையும் சொல்கிறவன் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, உன் கடிதங்கள் பதினொன்றையும் எடுத்து வைத்து வாசித்தேன். முதல் வருஷக் கடிதங்களில் நாலு இடத்தில் கணக்கு என்று இருக்கிறது. அதன் பிறகு ஒரு இடத்தில்கூட இல்லை. ஐந்து பாடத்துக்கு மார்க் எழுதியிருக்கிறாய், அதிலும் கணக்கு இல்லை. இருந்தால் நீ எழுதாமல் இருப்பாயா? மறுநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"வேண்டாம்லே. கணக்குப் போடத்தான் கம்ப்யூட்டரு. அதுவும் போட்டு நாமளும் போட்டா பின்னே அத எதுக்கு வாங்கணும்?"

ஷிபு என் கையைப் பிடித்துக்கொண்டான். பெபிஷா ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப்பில், செடியும் பிராணியும் படித்துக்கொண்டு நிம்மதியாய் இருப்பாள். பிறகு உன் கல்லூரிக்கே வருவாள். ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டினேன் என்ற சந்தோஷத்தில் அன்று இரண்டு டீ குடித்தேன்.

மகிழ்ச்சியுடன்,
மாமன்


கோயம்புத்தூர்,
6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

நீங்கள் ஷிபு மாமாவிடம் சொன்னது தவறு. ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் இங்கே பி.இ. கம்ப்யூட்டருக்கு விண்ணப்பமே போட முடியாது. மார்க் எவ்வளவு இருந்தாலும் முடியாது. சேர்ந்த பிறகும் கணக்கு இருக்கிறது. போன செமஸ்டரிலும் இருந்தது. நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

தயவுசெய்து பெபிஷாவைக் கணக்கு உள்ள குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மே மாதம் தேர்வு. ஒரு தாள் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. அதனால் கடிதம் வரத் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

ஜெனிலா


அருமனை,
25.5.2025

மருமகள் ஜெனிலாவுக்கு,

தேர்வெல்லாம் முடிந்து நீ களைத்திருப்பாய். நன்றாய்ச் சாப்பிடு. இங்கே மழை பெய்து இரண்டு நாளாய்ப் பால்வெட்டு இல்லை. மற்றபடி எல்லாரும் சுகம். எல்லாரும் எழுதுகிற ஆறு தாள் போதாதென்று உன்னிடம் ஏழாவது ஒன்றை எழுதச் சொன்ன கல்லூரியை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. சபையில் போதகர் ஐயாவிடமே சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

பெபிஷா நானூற்று நாற்பத்தொன்று எடுத்துப் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். கணக்கில் ஐம்பத்திரண்டு.

நீ சொன்னதை ஷிபுவிடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன். அவன் விடுகிறவனா?

"மார்ச்சுல வேண்டாமுண்ணீரு, இப்பம் வேணுமுங்கீரு. போன செமஸ்டருல கணக்கு உண்டுண்ணா ஜெனிலாவுக்க மார்க்கு எங்க? காட்டும்."

என் கையில் என்ன இருக்கிறது காட்ட? இருப்பதெல்லாம் ஐந்து பாடம்தான். சுற்றி நின்றவர்கள் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒரு தடவை சொன்னதை மாமன் மாற்றினால் பிறகு என் பேச்சுக்கு என்ன மதிப்பு? "எதுக்கும் நான் மார்ச்சுல சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டேன். வியாழக்கிழமை பெபிஷாவைக் கணக்கு இல்லாத குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்.

ஆனாலும் உன் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். குரூப் மாற்ற ஜூலை நாலாம் தேதி வரை விடுவார்களாம். ஆகையால் உன் கணக்கு மார்க்கைத் தெளிவாக எழுதி அனுப்பு. ஷிபுவின் மூக்குக்கு நேரே நீட்டிவிடுகிறேன். தொண்ணூறுக்குக் குறைந்திருக்காது, இல்லையா?

மாமன் நேசையன்


கோயம்புத்தூர்,
1.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் ஜெபம் செய்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசியுங்கள்.

அந்த ஆறாவது தாள் கணக்குதான். டிஸ்கிரீட் மேத்ஸ் என்று பெயர். நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கினேன். ஐம்பது இருந்தால்தான் தேர்ச்சி.

ப்ளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள் நான். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லி அருமனையில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். பிப்ரவரியில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது ஐந்து பாடம் எழுதினேன். ஆறாவதுக்கு 'க' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஐந்தோடு வேறு கடிதம் எழுதி அனுப்பினேன். நீங்கள் அங்கே நூறு போட்டு வாசித்ததாக எழுதியதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். அம்மையிடமும் சொல்லவில்லை.

மே மாதம் கூடுதலாக எழுதிய தாள் அதே கணக்குதான், மாமா. கல்லூரி எனக்குத் தந்த கௌரவம் ஒன்றும் இல்லை. முடிவு ஜூலையில்தான் வரும். அதற்குள் மெஷின் லேர்னிங் பதிவு முடிந்துவிடும். எனக்குச் சிவப்பு எழுத்துதான்.

அது போகட்டும், எனக்கு அடுத்த தடவை உண்டு. பெபிஷாவுக்கு ஜூலை நாலு தாண்டினால் இல்லை. நான் எழுதாமல் விட்டதைப் பார்த்துத்தானே நீங்கள் கணக்கே இல்லை என்று சொன்னீர்கள்? ஷிபு மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். கடையில் வாசிக்க வேண்டாம். அதை மட்டும் கேட்கிறேன்.

உங்கள் ஜெனிலா


கோயம்புத்தூர்,
15.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. முட்டு வலி கூடிவிட்டதா? நீங்கள் பத்து நாளாகக் கடைக்குப் போகவில்லை என்று அம்மை ஃபோனில் சொன்னாள். என்ன காரணம் என்று அவள் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன்.

என் மேல் கோபம் என்றால் அதை எழுதுங்கள். ஆனால் ஜூலை நாலுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஜெனிலா


அருமனை,
19.6.2025

மக்களே, என் பிள்ளையே,

சுகம்தான். முட்டில் ஒரு வலியும் இல்லை. கடைக்குப் போகாததற்கு உன் அம்மையிடம் முட்டைக் காரணம் காட்டினேன். நீ சரியாய்ச் சாப்பிடுகிறாயா?

உன் மேல் கோபமா? உன் கடிதத்தை ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குள் நின்று வாசித்தேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். கண் எரிந்தது. புகை. வாசித்துவிட்டு எனக்கு உன் முப்பத்தெட்டு பெரிதாய்த் தெரியவில்லை. நீ எழுதாத இடத்தில் நான் எழுதிய நூறுதான் கண்ணுக்குள் நின்றது. நான் அதை எழுதியிருக்காவிட்டால் நீ அடுத்த கடிதத்திலேயே உள்ளதைச் சொல்லியிருப்பாய்.

போன வாரம் ஷிபுவை ஆட்டோ ஸ்டாண்டில் தனியாகப் பிடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

"ஷிபு, ஜெனிலா கணக்குல தோத்துட்டாலே. கணக்கு அவ்வளவு உண்டு. மவளைக் குரூப்பு மாத்து."

அவன் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, கத கட்டுததுக்கும் ஒரு அளவு உண்டு. எனக்க மவ ஒமக்க மருமவளைத் தாண்டிப் போயிருவாளோண்ணு பயந்து பேடிக்கீரா?"

உன் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். முழுவதும் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தான்.

"இது நீரு சொல்லி அவ எழுதினது. இல்லெங்கி யாராவது தோத்த மார்க்கக் கடுதாசியில எழுதி அனுப்புவாவளா?"

அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் இந்த ஊர் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது உள்ளதைச் சொல்லும்போது முழுவதையும் கழித்துவிட்டான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீ தோற்றாய் என்பதற்குக் கல்லூரி தரும் காகிதம் ஏதாவது உண்டா? முப்பத்தெட்டு தெளிவாய்த் தெரிய வேண்டும், சீல் இருக்க வேண்டும். ஃபோனில் படம் அனுப்பாதே. போன மாதம் ஷிபுவே தன் ஆட்டோவின் பின்சீட்டில் யானை உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் செய்து எல்லாருக்கும் அனுப்பினான். அவனா ஃபோன் படத்தை நம்புவான்?

இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. உனக்கு இஷ்டம் இல்லை என்றால் அனுப்ப வேண்டாம். நான் அவன் காலில் விழுந்தாவது பார்க்கிறேன்.

மாமன்


கோயம்புத்தூர்,
23.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். யார் காலிலும் விழ வேண்டாம், அப்புறம் உங்களால் எழுந்திருக்க முடியாது.

இத்துடன் என் விடைத்தாளின் நகல் இருக்கிறது, பதினாறு பக்கம். விண்ணப்பித்தால் தருவார்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் முப்பத்தெட்டு, பக்கத்தில் கல்லூரி சீல். அலுவலகத்தில் இருந்தவர், "மறுமதிப்பீட்டுக்காம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், ஊர்ல காட்டணும்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

பதினோராம் பக்கத்தில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே 'நேரமில்லை' என்று எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தது, மாமா. இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதையும் பெபிஷாவிடம் சொல்லுங்கள்.

போன தடவை கடையில் வாசிக்க வேண்டாம் என்று எழுதினேன். இப்போது அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

ஜெனிலா


அருமனை,
30.6.2025, திங்கள்

என் வம்சத்துக்கே பெருமையான ஜெனிலாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும். நல்ல செய்தியை முதலில் எழுதி, அப்புறம் நடந்ததை எழுதுகிறேன். பெபிஷா இன்றைக்குக் கணக்கு குரூப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று ஆராதனை முடிந்ததும் உன் விடைத்தாளோடு நேரே கடைக்குப் போனேன். கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஷிபுவும் இருந்தான். மேசையைத் துடைக்கச் சொல்லி, விடைத்தாளை வைத்தேன்.

"எல்லாரும் பாருங்க. இது ஜெனிலா எழுதின கணக்குப் பரீட்சை. முப்பத்தெட்டு. தோல்வி. பிப்ரவரியில நூறுண்ணு நான் சொன்னது அவ எழுதினது இல்ல. நானாப் போட்டது. கம்ப்யூட்டருக்குக் கணக்கு வேண்டாமுண்ணு சொன்னதும் நானாச் சொன்னது."

ஷிபு விடைத்தாளை எடுத்து, சீலை விரலால் தடவிப் பார்த்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பகவதியப்பன் கைகழுவிவிட்டு வந்து பார்த்தார். பதினாறு பக்கமும் கை மாறி மாறிப் போயிற்று. என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒருவருக்கும் புரியவில்லை. எல்லாரும் தாளை ஓரத்தில்தான் பிடித்தார்கள், எழுத்தின்மேல் யாரும் விரல் வைக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என்ன செய்ய, பழக்கம்.

"இதுல எத்தன பேரு தோத்தாவ அண்ணே?" என்று ஒருவர் கேட்டார். நாக்கு நுனிவரை ஐம்பது என்று வந்துவிட்டது. "தெரியாது" என்றேன். சொன்னபிறகு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஷிபு எழுந்துபோய் ஆட்டோவில் இருந்த பெபிஷாவைக் கூட்டிவந்தான். அவள் நின்றபடியே புரட்டி, பதினோராம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பெரியப்பா, நேரமில்லைண்ணு எழுதியிருக்காவ."

"நேரமெல்லாம் உண்டு பிள்ளே. இருவது நிமிசம் சும்மா இருந்தாளாம். உனக்கிட்ட சொல்லச் சொன்னா."

"பேடிச்சாவளா?"

"பின்னே?"

"திரும்ப எழுதினாவளா?"

"மே மாசம் எழுதினா."

"தேறினாவளா?"

"இன்னும் தெரியாது."

அவள் விடைத்தாளை அடுக்கி என் கையில் தந்தாள். "அக்காவே பேடிச்சுட்டு எழுதினாவண்ணா நானும் பேடிச்சுட்டு எழுதுதேன். அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்குப் போவோம்."

இன்று காலை மூன்று பேரும் போனோம். தலைமையாசிரியை பெபிஷாவின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "கணக்குல ஐம்பத்திரண்டுதானேம்மா, அந்த குரூப்ல தாங்குவியா? தோத்துட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். நான் வாய் திறக்கப் போனேன். ஷிபு என் காலை மிதித்தான். பெபிஷா, "தோத்தா திரும்ப எழுதுவேன் டீச்சர்" என்றாள். தலைமையாசிரியை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் உள்ளே இருந்த அரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

உன்னை நினைத்து,
மாமன் நேசையன்


கோயம்புத்தூர்,
13.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். என் அறைத் தோழிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். பாருங்கள், உங்கள் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

முடிவு வந்துவிட்டது. அறுபத்தொன்று. தேறிவிட்டேன். ஆனால் மெஷின் லேர்னிங்கில் நாற்பது இடமும் போன மாதமே நிறைந்துவிட்டது. இந்த செமஸ்டருக்கு வேறு பாடம் எடுத்திருக்கிறேன். டிசம்பரில் மறுபடி பதிவு உண்டு. அப்போது சிவப்பு எழுத்து வராது.

அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பிப்ரவரியிலயே நெனச்சேன், நீ கணக்குல நூறு எடுத்திருந்தா எனக்கிட்டச் சொல்லாம இருப்பியா?" என்றாள். இத்தனை நாள் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

அறுபத்தொன்று என்பதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன். பெபிஷா எப்படிப் படிக்கிறாள்?

உங்கள் ஜெனிலா


அருமனை,
3.8.2025

அன்பு மருமகளுக்கு,

ஆடிக்காற்று இங்கே தென்னையை எல்லாம் வளைக்கிறது. நாங்கள் மட்டும் நிமிர்ந்து சுகமாயிருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொள்.

உன் அறுபத்தொன்றை அறுபத்தொன்று என்றே வாசித்தேன், மக்களே. ஒன்றுகூடக் கூட்டவில்லை. அதற்குப் பகவதியப்பன் என்ன சொன்னார் தெரியுமா? "நேசையன் இப்பம் திருந்திட்டாரு பாத்துக்கோ, கொறச்சுத்தான் சொல்லுதாரு. எண்பது இருக்கும்" என்றார். நான் சத்தியம் செய்தும் யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் இனி எதைச் சொல்லிப் பிழைப்பது?

பெபிஷாவுக்குப் போன வாரம் முதல் கணக்குத் தேர்வு நடந்தது. முப்பத்துநாலு வாங்கியிருக்கிறாள். வகுப்பில் அவளுக்குக் கீழே நாலு பேர்தான். வீட்டில் சொல்லாமல் இருப்பாளோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. சொல்லிவிட்டாள். நேற்று நான் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றபோது ஷிபு அந்தத் தாளோடு வந்துவிட்டான். எல்லாரும் இருக்கும்போது, நான் வாசிப்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெபிஷா, கணக்கு, முப்பத்துநாலு" என்று உரக்க வாசித்தான். அங்கே நின்ற ஒருவன் சிரித்துவிட்டான்.

ஷிபு தாளை மடிக்காமல் அப்படியே அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"சிரிக்காதலே. இது கணக்குல வாங்கின முப்பத்துநாலாக்கும். எனக்க பிள்ளை உக்காந்து எழுதி வாங்கினது."

என் வாழ்நாளில் அதைவிட நன்றாக யாரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. நான் உட்பட.

அவள் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது கணக்கில் எங்கே பிழை விட்டாள் என்று பார்த்து, எனக்கு அல்ல, அவளுக்கே எழுது. விலாசம் தாளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் எழுது. அடுத்த தேர்வு பதினெட்டாம் தேதி.

மாமன் நேசையன்